தலைக்கு மேல் ஒரு வளையம்

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகன் இந்த வாரம் கோபமாகப் போன் செய்தான். ரேஸ் டிராக்கில் ஒரு நாள் கார் ஓட்டப் பணம் கட்டியிருக்கிறான். டிராக்கில் இறங்குவதற்கு முன்பே காரைச் சோதிப்பவர் நிறுத்திவிட்டார். "கார்ல ரோல் பார் இருக்கு மாமா. போன ஓனர் போட்டது, பளபளன்னு இருக்கும். அதைத் தட்டிப் பாத்துட்டு, இது அழகுக்கு வெச்சது, உள்ளே விட முடியாதுங்கறார்" என்றான். அவனுக்கு எரிச்சல். எனக்கோ அன்று முழுக்கச் சந்தோஷம். முகம் தெரியாத அந்தச் சோதனைக்காரருக்கு இந்தப் பத்தியின் சார்பில் ஒரு வணக்கம்.

அவன் வாங்கியிருப்பது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989இல் வந்த வண்டி. இரண்டே சீட், துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. வளைவில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதை விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கூரையை மடக்கிவிட்டால், கார் கவிழும்போது ஓட்டுபவர் தலையைத் தாங்க முன்கண்ணாடிச் சட்டத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்தச் சட்டத்தை நம்பித் தலையைக் கொடுக்க முடியாது. ஆகவே சீட்டுக்குப் பின்னால் உருக்குக் குழாயில் ஒரு வளையம். அதுதான் ரோல் பார்.

அலங்காரப் பாதுகாப்பு என்றால் எனக்கு ஆகாது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஹேண்டில்பாரில் தொங்கும் ஹெல்மெட், சீட் பெல்ட் எச்சரிக்கை கத்தாமல் இருக்கச் செருகும் வெறும் கொக்கி, காரின் முகப்பில் மாட்டும் கம்பி வேலி என்று ஒவ்வொன்றாக எழுதியாகிவிட்டது. அந்த வரிசையில் மிக மோசமானது இந்தப் போலி ரோல் பார். மெல்லிய குழாய், குரோம் பூச்சு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் நாலு போல்ட். ஒன்றுமே இல்லாவிட்டால் ஓட்டுபவர் கொஞ்சம் பயந்து ஓட்டுவார். இது அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறது, பதிலுக்கு எதையும் கொடுப்பதில்லை.

உண்மையான வளையத்துக்குக் கணக்கு இருக்கிறது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, பிரதான வளையத்துக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள, மூட்டில்லாமல் இழுத்த உருக்குக் குழாய் வேண்டும் என்கிறது. 50 மில்லிமீட்டர் குழாய் என்றால் கனம் 2 இருக்கலாம். ஒவ்வொரு காலடியிலும் குறைந்தது மூன்று போல்ட். காரின் தகடு தாள் மாதிரி மெல்லியது, வெறுமனே போல்ட் போட்டால் கவிழும்போது குழாய் அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகைத் தகடு கொடுத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். வளையம் முன்னும் பின்னும் சாயாமல் இருக்கப் பின்னால் இரண்டு தாங்குகால்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு நீளக் குச்சியை எடுத்து வருகிறார்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து வளையத்தின் உச்சிவரை வைப்பார்கள். ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்தவரின் தலை அந்தக் குச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு அங்குல இடைவெளி கேட்கும் கிளப்புகளும் உண்டு. உயரமானவர்கள் சீட்டுப் பஞ்சை வெட்டி எடுத்துவிட்டுத் தாழ உட்காருகிறார்கள். என் மருமகனும் அதைத்தான் செய்தான். பழைய பாரைக் கழற்றி எறிந்து, கார்பெட்டை உரித்து, தகட்டில் துளை போட்டு, நண்பன் ஒருவனை அடியில் படுக்கவைத்து நட்டு முடுக்கி, சரியான வளையத்தை மாட்டிவிட்டான்.

அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். வளையத்தில் தலை படக்கூடிய இடமெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்த கெட்டியான திண்டு சுற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் மெத்தைப் பஞ்சு உதவாது. சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போகும்போது பின்னாலிருந்து யாராவது இடித்தால், காப்பாற்ற வைத்த குழாயே மண்டையைப் பிளந்துவிடும். அடுத்தது, தோள்பட்டைக்கு மேலாக வரும் பந்தயப் பெல்ட்டை ரோல் பார் இல்லாத காரில் ஒருநாளும் மாட்டக் கூடாது. கார் கவிழ்ந்து மேற்பகுதி நசுங்கும்போது உடம்பு சாய்ந்து ஒதுங்க வழியிருக்காது.

இந்த வளையத்தைக் கார் கம்பெனிகளும் மறக்கவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் திறந்த கார்களையே தடை செய்துவிடுவார்களோ என்ற பேச்சு எழுந்தபோது, போர்ஷே கம்பெனி 911 டார்காவைக் கொண்டுவந்தது. கூரையைக் கழற்றலாம், ஆனால் சீட்டுக்குப் பின்னால் அகலமான உருக்கு வளைவு நிலையாக நிற்கும். 1989இல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில் வளையத்தை மறைத்து வைத்தார்கள். வண்டி கவிழப்போகிறது என்று உணர்ந்தால் 0.3 வினாடியில் அது எழுந்து நிற்கும். 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் சீன வீரர் ஜோ குவான்யூவின் ஃபார்முலா ஒன் கார் தலைகீழாகச் சறுக்கியபோது, சோதனையில் தேறியிருந்த வளையம் உடைந்து போனது. முன்னாலிருந்த ஹாலோ என்ற வளைவுதான் அவர் தலையைக் காத்தது. ஓட்டுநர் பிழைத்துவிட்டாரே என்று எஃப்ஐஏ அதை அப்படியே விடவில்லை. அடுத்த ஆண்டே வளையத்தின் உச்சி உருண்டையாக இருக்க வேண்டும், சோதனை கடுமையாக வேண்டும் என்று விதியை மாற்றியது.

இதையெல்லாம் பேசி முடித்தபின் மருமகன், "நம்ம ஊர்ல இதெல்லாம் இருக்கா மாமா?" என்று கேட்டான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பந்தயக் கார்களுக்குள் குழாய்க் கூண்டே இருக்கிறது, அங்கும் சோதித்துத்தான் விடுகிறார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு டிராக்டர் ஞாபகம் வந்துவிட்டது. அதன்பிறகு கார் பேச்சில் மனம் ஒட்டவில்லை.

நம் ஊரில் கவிழக்கூடிய வண்டி டிராக்டர்தான். உயரமான வண்டி, பாரம் மேலே. வாய்க்கால் கரையில் ஓரம் சரிந்தால் பக்கவாட்டில் உருளும். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது கரையை விட்டுத் தள்ளி ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. நம் வயல்களில் அந்த இடம் ஏது? சேற்றில் பின்சக்கரம் சிக்கியிருக்கும்போது கிளட்சை வெடுக்கென்று விட்டால், சக்கரம் சுற்றுவதற்குப் பதில் வண்டியின் முகம் மேலே எழும்பும். அப்படியே பின்பக்கமாக மல்லாந்து ஓட்டுநரின் மேல் விழும். ஒன்றிரண்டு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும், குதிக்க நேரம் கிடையாது. சக்கரத்தில் கட்டையைக் கட்டி மேலே ஏற்றப் பார்ப்பது இன்னும் ஆபத்து. இழுக்கும் சங்கிலியைக் கீழே இருக்கும் டிராபாரில் மாட்டாமல் உயரமாக மாட்டினாலும் இதே கதிதான். சாலையில் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால், வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று உருண்டுவிடும்.

வாய்க்காலில் டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் பலி என்ற செய்தி உள்பக்கத்தில் நாலு வரியில் வரும். அவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று முடியும். வண்டியில் வளையம் இருந்ததா என்று அந்த நாலு வரியில் கேட்டிருப்பதாக நான் பார்த்ததே இல்லை.

ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்பு வளையம் கட்டாயம் என்றது. இரண்டு டன் எடையை ஊஞ்சலாட்டி மோதவிட்டு, உட்காரும் இடம் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை முறை இன்றும் இருக்கிறது. சில பத்தாண்டுகளில் அந்த நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து சாகும் விகிதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வளையமும் பெல்ட்டும் சேர்ந்தால் சாவையும் பெருங்காயத்தையும் 99 சதவீதம் தடுக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. பின் அச்சுக்கூட்டில் ஊன்றி நிற்கும் இரண்டு உருக்குக் கால்கள், மேலே ஒரு குறுக்குக் கம்பி, இடுப்பில் ஒரு பட்டை. தென்னந்தோப்பில் மட்டை இடிக்குமே என்றால் மடக்கும் வளையமும் இருக்கிறது. மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தினால் போடாமல் ஓட்டக் கூடாது.

உலகத்திலேயே அதிக டிராக்டர் விற்கும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பது நம் நாடு. நம் வயல்களில் அந்த வளையம் எத்தனை வண்டியில் கண்ணில் படுகிறது? கண்ணில் படுவதெல்லாம் டாப். மெல்லிய குழாயில் கட்டி, தகரமோ ரெக்சினோ போர்த்தி, முன்னால் தலைவர் படமோ குலதெய்வத்தின் பெயரோ எழுதியது. வெயிலுக்கு அது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி உருளும்போது அது ஒரு நொடி தாங்காது. அமெரிக்கச் சோதனைக்காரர் தட்டிப் பார்த்து வேண்டாம் என்ற அதே பொய்க் குழாய்தான் இது. அங்கே பொழுதுபோக்காக ஓட்டப் போனவனைக் காப்பாற்ற ஒருவர் குச்சியோடு நின்றார். சம்பா நடவுக்குச் சேறடிக்கப் போகிற, நாள் கூலிக்கு ஓட்டுகிற இளைஞனுக்கு அப்படி ஒருவர் இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். மானியம் வாங்கும் ஒவ்வொரு டிராக்டரிலும், துறையே வாடகைக்கு விடும் ஒவ்வொரு டிராக்டரிலும் சோதனையில் தேறிய வளையமும் பெல்ட்டும் இருக்க வேண்டும். அது விண்ணப்பத்தில் முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உள்ளூர் பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். சோதிக்காத வளையம் இன்னொரு டாப்தான். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே சோதித்த வளையம் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று டீலரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வண்டியின் மாடலோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். வந்த பதில்களை இங்கேயே வெளியிடுகிறேன்.