இல்ல ஆய்வுக்கு முன் நம் இல்லத்தை நாமே ஆய்வோம்





சென்ற ஆண்டு நம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் பெற்றோர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். காப்பகத்தில் வளரும் ஒரு பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்க அவர்கள் விண்ணப்பித்திருந்தனர். அடுத்த வாரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இல்ல ஆய்வுக்கு வருவதாகத் தகவல் கிடைத்திருந்தது. "உஸ்தாத், நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?" என்று கேட்டனர்.

வீட்டிற்கு வெள்ளையடியுங்கள், சான்றுகளை வரிசையாக அடுக்கி வையுங்கள், மகனுக்குப் பேசக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். நாம் சொன்னது பிழை என்பது ஆய்வு நாளில்தான் விளங்கியது.

வந்த அலுவலர் ஒன்பது வயது மகனைத் தனியே அமர்த்திப் பேசினார். "வரும் தம்பியுடன் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வேன்" என்று அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். "அவன் எங்கே படுப்பான்?" என்று கேட்டதும் மௌனமானான். பிறகு, "அவன் வந்த பின்னும் நான் வாப்பா பக்கத்தில் படுக்கலாமா?" என்று அவரிடமே திருப்பிக் கேட்டான். உள்ளறையில் இருந்த பாட்டியோ, "என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்றார். அலுவலர் கடிந்துகொள்ளவில்லை. "வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிச் சென்றார். வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தப் பெற்றோர் அல்லர், நாம்தாம்.

இல்ல ஆய்வைப் பெண் பார்க்கும் சடங்குபோல் நாம் எண்ணிவிட்டோம். குறையை மறைத்து நிறையைக் காட்டுவதே தயாரிப்பு என்று கருதினோம். உண்மையில் அது ஓர் அமானிதத்தைச் சுமக்க இந்த இல்லத்தால் இயலுமா என்னும் கேள்வி. அக்கேள்வியை அதிகாரி கேட்பதற்கு முன் முஃமினான நாமே நம்மிடம் கேட்டிருக்க வேண்டும்.

நம் சமூகத்தில் பலர் இப்பணியை நெருங்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. "தத்தெடுப்பு மார்க்கத்தில் இல்லையே" என்கின்றனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 33:5). ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள். ஆயினும் அவர்கள்மீது நபி (ஸல்) அவர்கள் கொண்ட அன்பு குறையவில்லை. பிறர் பிள்ளையின் வம்சத்தை மாற்றுவதே தடுக்கப்பட்டது, பிறர் பிள்ளையை வளர்ப்பது அன்று. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்தார்கள். தந்தையைக் காணாமலேயே பிறந்த நம் நபி (ஸல்) அவர்கள், தாயையும் இழந்தபின் பாட்டனாரிடமும், பின்னர் அபூதாலிபிடமும் வளர்ந்தார்கள்.

நம் நாட்டின் வளர்ப்புப் பராமரிப்பு இந்தக் கஃபாலாவுக்கு மிக அணுக்கமானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 44இல் இதனைக் கூறுகிறது. குழந்தைகள் நலக் குழு பிள்ளையைக் குறுகிய காலத்திற்கோ நீண்ட காலத்திற்கோ ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. தத்தெடுப்பில் பிள்ளை சட்டப்படி புதிய பெற்றோரின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அவ்வாறு ஆவதில்லை. குடும்பத்தைத் தேர்வதற்குச் சட்டம் சொல்லும் அளவுகோல்கள் திறன், எண்ணம், இயலுமை, முன்னனுபவம் ஆகியவை. வீட்டின் அழகு அவற்றில் இல்லை. எண்ணம் என்று சட்டம் குறிப்பதை நாம் நிய்யத் என்கிறோம்.

ஆகவே இல்ல ஆய்வுக்கு முன் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து சில கேள்விகளைப் பேசித் தீர்க்க வேண்டும்.

முதலாவது, பிரிவு. பெற்றோரின் இயலாமையால் வந்த பிள்ளை என்றால், அப்பெற்றோர் குறிப்பிட்ட இடைவெளிகளில் வந்து காண்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அவர்கள் தகுதி பெற்றுவிட்டதாகக் குழு கருதினால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம். வளர்த்த பிள்ளையை வாழ்த்தி அனுப்பும் மனம் நமக்கு உண்டா? பெற்ற தாய் வாசலில் நிற்கையில் அவளை இழிவாகப் பாராமல் இருக்க நம்மால் இயலுமா?

இரண்டாவது, பொருள். பராமரிப்புக்கென அரசு மாதந்தோறும் நிதி வழங்க இச்சட்டம் வழி செய்கிறது. அது பிள்ளைக்குரிய பணம். யதீமின் பொருளைத் தம் பொருளோடு கலந்து உண்பதை அல்லாஹ் பெரும் பாவம் என்கிறான் (4:2). முதல் நாளிலிருந்தே அதற்குத் தனிக் கணக்கு எழுதுவது பேணுதலாகும்.

மூன்றாவது, மஹ்ரம். பால்குடிப் பருவத்தில் பாலூட்டினால் உறவு உண்டாகும். ஆனால் 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்கள் ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளைக் கருதியே அமைந்துள்ளன. எனவே பிள்ளை பாலிக் ஆனபின் படுக்கை, உடை, தனிமை ஆகியவற்றில் என்ன ஒழுங்கு என்பதை இப்போதே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். "நீ அந்நியன்" என்று பிள்ளையின் மனம் புண்படாத வகையில் அவ்வொழுங்கை அமைப்பது நம் கடமை. அலுவலர் இதைப் பற்றிக் கேட்டால் நாணாமல் விளக்கலாம்.

நான்காவது, மார்க்கம். வரும் பிள்ளை வேறு சமயத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது இறைவாக்கு (2:256). ஆதரவற்ற ஒரு பிள்ளையின் பெயரையோ சமயத்தையோ மாற்றும் உள்நோக்கம் மனத்தின் ஓரத்தில் இருந்தாலும் அவ்வீடு இப்பணிக்குத் தயாராகவில்லை.

இறுதியாக, உண்மை. கடன், நோய், முன்கோபம், முதியவரின் மறுப்பு ஆகிய எதையும் மறைக்க வேண்டாம். குறையில்லாத இல்லம் உலகில் இல்லை. வாங்குபவரிடம் சரக்கின் குறையை மறைக்கக் கூடாது என்று வணிகருக்கே மார்க்கம் விதித்திருக்க, ஒரு பிள்ளையின் வாழ்வில் மறைப்பதற்கு அனுமதி ஏது? சட்டப்படி மாதந்தோறும் பார்வையிட வருவார்கள். ஒரு நாள் நடிக்கலாம், ஒவ்வொரு மாதமும் நடிக்க இயலாது.

அந்தக் குடும்பத்தார் ஒரு மாதம் பேசினார்கள். "பழகிய பிள்ளை போய்விட்டால் இந்த வயதில் நான் தாங்க மாட்டேன்" என்று பாட்டி தம் அச்சத்தைச் சொல்லி அழுதாராம். வாப்பாவின் ஒரு பக்கம் எப்போதும் தனக்கே என்று மகன் வாக்குப் பெற்றுக்கொண்டான். இரண்டாவது ஆய்வில் இவ்விரண்டையும் அவர்களே அலுவலரிடம் கூறினர். இன்று அவ்வீட்டில் இரு சிறுவர்கள் உள்ளனர். இரண்டாமவனின் பள்ளிப் பதிவேட்டில் அவனுடைய தந்தையின் பெயரே உள்ளது. அவன் சாப்பிடாமல் உறங்கினால் எழுப்பி ஊட்டுபவர் அந்தப் பாட்டிதான்.

யதீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எத்துணை நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்திய ஹதீஸை (புகாரி) நாம் அறிவோம். அந்த நெருக்கத்தை விரும்பும் நாம், அதற்குரிய பொறுப்பையும் விரும்ப வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களை ஆதரவற்ற பிள்ளைகள் அச்சமின்றி உறங்கும் இடங்களாக ஆக்குவாயாக! எங்கள் நிய்யத்துகளைத் தூய்மைப்படுத்துவாயாக! ஆமீன்.