விடாது கருப்பு: டாக்டரா திரும்பப் பார்த்தப்போ

1. "மர்மதேசம் மாதிரி இப்போ யார் சார் எடுக்கிறாங்க?"ன்னு டைம்லைன் முழுக்க ஒரே ஏக்கம். நானும் அந்தக் கூட்டம்தான். 90-கள்ல சன் டிவியில 'விடாது கருப்பு' ஓடின ராத்திரி, குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள்ள போயிடுவேன். கொல்லைப்பக்கம் போக துணைக்கு அக்கா வரணும்.

2. சமீபத்துல முழுசா திரும்பப் பார்த்தேன். குதிரை இப்போ பயமுறுத்தல. முடிவுதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. (முடிவைச் சொல்லப் போறேன், பார்க்காதவங்க மன்னிக்கணும்.)

3. நல்லதை முதல்ல சொல்லிடறேன். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். ஊரே "சாமி குத்தம்"னு நடுங்கும்போது, இது மனசுல வந்த நோய், சின்ன வயசுக் காயம்தான் வேர்னு ஒரு சீரியல் சொன்னது அன்னைக்குப் பெரிய விஷயம்.

4. ஆனா கூடவே இன்னொண்ணையும் நம்ம மண்டையில ஏத்திட்டுப் போச்சு: மனநோய் வந்தவன் கொலை செய்வான். அப்புறம் 2005-ல சந்திரமுகி, அந்நியன்னு ஒரே வருஷத்துல ரெண்டு படம். பாடம் மனப்பாடமே ஆயிடுச்சு.

5. ஒரு அம்மா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. காதுல குரல் கேட்குதுன்னு பையன் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. ஏம்மா இவ்ளோ லேட்டு? "ஸ்பிலிட் பெர்சனாலிட்டின்னு தெரிஞ்சா கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க சார்." பையன் தலைநிமிரவே இல்லை.

6. அவனுக்கு இருந்தது ஸ்கிசோஃப்ரினியா. அதுக்கும் ஸ்பிலிட் பெர்சனாலிட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ரெண்டாவது அரிது. அது இருக்கிறவங்களும் பெரும்பாலும் காயப்படுத்திக்கிறது தங்களைத்தான். மனநோயாளிகள்ல மிகப் பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கிறவங்க இல்லை, அடி வாங்குறவங்க.

7. சந்தேகமா? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில தீ. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. சங்கிலி போடறதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடை பண்ணிடுச்சு. நம்ம மனசுல இருக்கிற சங்கிலிக்கு எந்தச் சட்டம்?

8. ஏர்வாடிக்கு சீரியல்தான் காரணம்னு நான் சொல்லவே இல்லை. அந்தப் பயம் நம்மகிட்ட முன்னாடியே இருந்துச்சு. இந்தக் கதைகள் அதுக்குத் தண்ணி ஊத்துச்சு, அவ்ளோதான்.

9. "அட, வெறும் கதை சார்"னு வருவீங்க. வெறும் கதைன்னா, 25 வருஷம் கழிச்சும் அந்த டைட்டில் மியூசிக் கேட்டதும் உங்களுக்கு ஏன் மயிர் கூச்செறியுது? பத்து வயசுல உள்ள போனது லேசுல வெளிய வராது. குதிரைச் சத்தம் தங்கினா, கொலைகாரன் பிம்பமும் தங்கும்.

10. தாராளமா பாருங்க. பிள்ளைங்களோட உட்கார்ந்து பாருங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க: "நிஜத்துல இவங்க அப்படி இல்லடா, மருந்து இருக்கு, சரியாகும்." வீட்ல யாருக்காவது தேவைன்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். ஒரு வருஷம் காத்திருக்காதீங்க.