வெள்ளிக் கரண்டியை நம்பாதீர்கள் - நான் சொல்லியிருந்தாலும்!



நேற்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். மேய்ச்சல் புல்லில், மழைக்குப் பின் முளைத்த சின்னஞ்சிறு காளான்கள். "சாப்பிடலாமா?" என்று கேள்வி. பத்து நிமிடத்தில் ஏழு பேர் "தாராளமா" என்றுவிட்டார்கள். ஒருவர் கூடுதலாக எழுதினார்: "வெள்ளிக் கரண்டி போட்டு வேகவைங்க. கறுக்கலைன்னா நல்லது. நம்ம சார் சொல்லித் தந்ததுதான்."

உண்மைதான். ஐந்தாம் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். என் ஆசிரியர் சொன்னதை நானும் சொன்னேன். அது தவறு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை பட்டாலும்தான் கறுக்கும். காளானின் விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் தூள், பூண்டு சோதனைகளும் இதே கதைதான். "நத்தை தின்றிருக்கிறதே" என்பதும் ஆதாரமில்லை. நத்தை தின்னும் காளான் நம் ஈரலைக் கெடுக்கும்.

புல்வெளிக் காளான்களில்தான் குழப்பம் அதிகம். எல்லாம் சிறியவை, பழுப்பானவை, ஒன்றுபோல இருப்பவை. கோனோசைபி, லெபியோட்டா வகைகளில் சில விரல் நீளம்கூட வராது. ஆனால் ஈரலை அழிக்கும் அமாடாக்சின் அவற்றில் உண்டு. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். பிறகு ஒரு நாள் குணமானதுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

படம் பார்த்து "தாராளமா" என்றவர்களைக் கேட்கிறேன். குடையின் அடிப்பக்கம் பார்த்தீர்களா? தண்டின் அடி மண்ணுக்குள் எப்படி இருந்தது? வித்துத்தூள் என்ன நிறம்? குடையை வெட்டி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் கவிழ்த்து, டம்ளரால் மூடி வையுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். கோனோசைபிக்குத் துருப்பிடித்த பழுப்பு, லெபியோட்டாவுக்கு வெள்ளை. இதுவும் பெயர் கண்டுபிடிக்க ஒரு படிதான்; சாப்பிடலாம் என்ற சான்றிதழ் அல்ல. இத்தனையையும் ஒரு செல்போன் படம் சொல்லாது. செயலியும் சொல்லாது.

"எங்க பாட்டி பறிச்சு சமைச்சாங்களே சார்" என்பீர்கள். பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவர் பறித்தது புற்றுக்காளான். எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின் வரும் என்று தெரிந்து, ஆழத்தில் புற்றுவரை இறங்கும் வேரோடு பிடுங்கிப் பார்த்து எடுத்தார். தெரியாததைத் தொடவில்லை. நாம் பாட்டியின் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

தெரியாத காளானைப் பறித்துப் படியுங்கள், வரையுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தட்டில் வைக்காதீர்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்தத் தம்பி "கொட்டிட்டேன் சார்" என்று போன் செய்த பிறகுதான் நேற்று இரவு தூங்கினேன். என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் அந்தக் கரண்டிப் பாடத்தை இன்றே அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் அவர்களிடமும் திருத்திச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்