தடமில்லாக் கடி

பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூர் வயல்களிலும் வாழ்வோர்க்குப் பாம்பு புதிதன்று. ஆயினும் கட்டுவிரியனின் கடியைப் பலர் அறியார். இரவில் தரையில் உறங்குவோரையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. வலியோ வீக்கமோ அநேகமாக இராது. பல்தடமும் தெரியாமற் போகலாம். விடியலில் வயிற்றுவலி என்பார். பின்னர் இமைகள் தாழும், நாக்குக் குழறும், மூச்சுத் தசைகள் தளரும். அஜீரணமென்று கஷாயம் கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

மருத்துவர் இமையையும் மூச்சையும் கண்டே இந்நஞ்சை ஊகிக்கிறார். கண்ணாடி விரியனெனில், சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காது வைத்துச் சாய்ப்பார். உறையாவிடில் நஞ்சேறியது தெளிவு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிற்கும் ஒரே முறிமருந்துதான். ஆகவே பாம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூச்சு தளர்ந்தாலும் செயற்கைச் சுவாசத்தால் காக்க இயலும். ஆனால் அதற்குள் மருத்துவமனையை அடைந்திருக்க வேண்டும்.

பாகூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குத் தொலைவு குறைவன்று. அந்த அவசரத்தில் ஓதி ஊதுபவரின் வாசலில் காத்திருப்பது முறையா? துஆவை வண்டியில் ஏறியபின் ஓதுங்கள். மருந்தைப் படைத்தவனும் அல்லாஹ்வே. 108-ஐ அழையுங்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

சகோதரிகளே! பிள்ளைகளைக் கட்டிலில் உறங்க வையுங்கள். கட்டிலில்லையெனில், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகுங்கள். இன்றிரவே செய்யக்கூடிய காப்பு இது.