கை தட்டுவதற்கு முன்...

இந்த ஆண்டு மலரில் கவிதைகளும் கல்லூரி நினைவுகளும் நிறையவே இருக்கும். நடுவே நான் ஸ்டேஷன், கோர்ட்டு, ஜெயில் என்று எழுத வந்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம்மைப் பற்றியதுதான்.

செய்தியில் எங்காவது 'என்கவுன்ட்டர்' என்று வந்தால் போதும், நம் விடுதியில் விசில் பறக்கிறது. "இப்படித்தான்டா பண்ணணும். கோர்ட்டு கேஸுன்னு இருபது வருஷம் இழுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று ஒருவன் சொன்னால் பத்துப் பேர் தலையாட்டுகிறார்கள். அதே பத்துப் பேர்தான் 'ஜெய் பீம்' படத்தில் ராசாக்கண்ணுவை அடிக்கும்போது கண் கலங்கியவர்கள். ராசாக்கண்ணு திருடவில்லை என்பதைப் படத்தில் நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் அதை யார் காட்டுவது? அதற்காகத்தானே விசாரணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்!

வழக்குகள் இழுக்கின்றன என்பது பொய்யில்லை. அந்தக் கோபமும் நியாயமானதுதான். ஆனால் கோர்ட்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம், அங்கேயே தண்டனை என்று ஒரு காரியம் நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. நம் மாவட்டம் என்றுதான் சொல்கிறேன். 2004 பிப்ரவரி வரைக்கும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தானே! ஊத்தங்கரையைத் தாண்டினால் அரூர். அதற்கும் அப்பால் சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டைகளைப் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆடு மாடு, தானியம், சட்டி பானை எதுவும் மிஞ்சவில்லை. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேர் காட்டுக்குள் ஓடிப்போனார்கள்.

சந்தன மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எவர் வெட்டினார், எவர் சொல்லி வெட்டினார், எவர் லாரியில் ஏற்றி விற்றார் என்று அன்றைக்கு யார் விசாரித்தார்கள்? கூலிக்குக் கோடாரி தூக்கியவன் எங்கே, சந்தனத்தை விற்றுப் பணக்காரனானவன் எங்கே! உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் அந்த மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற பொருளில் பின்னாளில் உயர்நீதிமன்றமே சொன்னது. ஒரு ஊருக்கு இரண்டே நாளில் தண்டனை கொடுத்து முடித்துவிட்டார்கள். தீர்ப்புத்தான் கடைசி வரைக்கும் எழுதப்படவில்லை.

இனி அடுத்த பாதியைக் கேளுங்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று முதலில் சாதித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, நீதிமன்றம் போய், 1995ல் வழக்கு சி.பி.ஐ. கைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பதினேழு பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியாகி, பன்னிரண்டு பேருக்குப் பத்தாண்டு, ஐந்து பேருக்கு ஏழாண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த 269 பேருக்கும் வக்கீல் கிடைத்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. ஜாமீன் கிடைத்தது, மேல்முறையீடு கிடைத்தது. ஊரையே நொறுக்கியவர்களுக்கும் இதெல்லாம் கிடைத்தது என்று எனக்குப் பொறாமை இல்லை. கிடைக்கத்தான் வேண்டும். 1992 ஜூனில் அந்த ஊருக்கு அவர்கள் கொடுக்க மறுத்தது இதையேதான். 'இழுத்தடிப்பு' என்று நாம் கேலி பேசுகிற அந்தக் கூண்டும் சாட்சியும் வாதமும், தாங்கள் மாட்டிக்கொண்டபோது அவர்களுக்கும் தேவைப்பட்டன!

வீரப்பன் வேட்டைக் காலத்தில் நம் எல்லையோரக் காடுகளிலும் இதே கதைதான். தமிழ்நாடு, கர்நாடகா இரண்டு பக்கமும் அதிரடிப்படை. மாதேஸ்வரன் மலையில் இருந்த முகாமுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒர்க்‌ஷாப்'. நமக்கு ஒர்க்‌ஷாப் என்றால் லேத்தும் வெல்டிங்கும் ஞாபகம் வரும், அவர்களுக்கு வேறு ஞாபகம். 'தடா' சட்டத்தில் பிடிபட்டு மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் 2001ல் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். சதாசிவா குழு விசாரித்த பிறகு, 2007ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. போன வருஷங்களை யார் கொடுப்பது?

"அதெல்லாம் பழசு" என்பீர்கள். சரி, 2019 டிசம்பர் 6. ஐதராபாத் பக்கத்தில், ஒரு கால்நடை மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022ல் வெளியானது. போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், நால்வரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது அறிக்கை. அந்த நால்வர்தான் அதைச் செய்தார்களா? செய்திருக்கலாம். இனி எந்த நீதிமன்றமும் அதைச் சொல்ல முடியாது. வேறு எவனாவது செய்திருந்தால், அவன் இன்றைக்கும் எங்கோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கிரானைட் குவாரியில் வேலை. மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபராக லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். போன வருஷம் அங்கே காப்பர் ஒயர் காணாமல் போயிற்று. சந்தேகம் யார் மேல் விழும்? சட்டையில் கம்பெனி பெயர் தைத்தவன் மேல் விழுமா? நைட் ஷிப்டில் இருந்த கான்ட்ராக்ட் ஆட்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் "போடா" என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆனால் கேட் பாஸ் போய்விட்டது. வேறு கம்பெனியில் சேர்க்கவும் கான்ட்ராக்டர் யோசிக்கிறார். மாமா அம்மாவிடம் சொன்னார்: "திருடன்னு சொல்லி ஜெயில்ல போட்டிருந்தாகூட இத்தனை மாசம்னு கணக்கு இருந்திருக்கும்க்கா. இதுக்குக் கணக்கே இல்ல."

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22வது பிரிவு சொல்கிறது. கைது செய்ததை எழுதி வைக்க வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் எங்களுக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்? ஓம்ஸ் லாவுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க நேரம் ஒதுக்குகிறார்கள். இதற்கு ஒரு பீரியட் ஒதுக்கக் கூடாதா?

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! அதாவது உள்ளே இருக்கிற நாலு பேரில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. முதல் தடவை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. ஏட்டில் இருப்பது சிறைக் கதவு வரைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

"உன் தங்கச்சிக்கு நடந்தா இப்படிப் பேசுவியாடா?" விடுதியில் எப்போதும் கடைசியாக வருகிற கேள்வி இது. பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாச்சாத்திப் பெண்களுக்கு உண்டு. அந்தப் பதினெட்டுப் பேரும் யாரையும் சுடச் சொல்லவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி, வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு வந்து, கூண்டில் நின்று சாட்சி சொன்னார்கள். தண்டனை பெற்றவர்கள் அப்பீல் போனார்கள். உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ல் எல்லா அப்பீல்களையும் தள்ளுபடி செய்தார். பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சம்பவம் நடந்து அப்போது முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சிறுமியாக இருந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.