கௌதாரிக்கும் நிலம் வேண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் அடர்ந்த காடும் அருவியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இடுக்கி மாவட்டத்தின் சின்னாறும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்துக் கிழக்கு எல்லையும் மழை மறைவுப் பகுதிகள். கேரளத்தில் கௌதாரி தென்படுவது பெரும்பாலும் தமிழக எல்லையை ஒட்டிய இந்த முட்புதர் நிலங்களில்தான்.

ஆளரவம் கேட்டால் பறப்பதைவிட ஓடி ஒளிவதே இப்பறவையின் இயல்பு. தரையில் சிறு பள்ளத்தில் முட்டையிடும். கரையானையும் பூச்சிகளையும் தின்று உழவருக்கு உதவும். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்து, குரல் கேட்டு வருபவற்றைக் கண்ணியில் பிடிப்பது பழைய வழக்கம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம்.

பறவையைக் காக்கச் சட்டம் உண்டு. அது வாழும் நிலத்தைக் காக்க என்ன உண்டு? 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறின் பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதற்கு வெளியே உள்ள புதர் நிலங்களின் கதி வேறு. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பு, நாட்டில் சுமார் 5.57 கோடி ஹெக்டேரைத் தரிசு என்று கணக்கிட்டது. புதர் நிலங்களும் அந்தக் கணக்கில் அடக்கம். தரிசு என்று எழுதிவிட்டால், வீட்டுமனைக்கோ, சூரிய மின் நிலையத்துக்கோ, மரம் நடும் திட்டத்துக்கோ அதை ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. நல்ல நோக்கத்துடன் நடப்படும் மரங்கள்கூட, திறந்த புதர்வெளியில் வாழும் பறவைக்குத் தீங்காகவே முடியும்.

உலக அளவில் கௌதாரி அழியும் நிலையில் இல்லை என்பது உண்மை. அதையே காரணம் காட்டி அலட்சியமாக இருந்துவிட முடியாது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் காணப்பட்ட கானமயில் இன்று இங்கு இல்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சிய நிலையில்தான், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அதற்கு எமனாகிவிட்ட மின்கம்பிகள் குறித்து 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவையும் 2024-இல் தளர்த்த நேர்ந்தது. காலம் கடந்த பின் எடுக்கும் நடவடிக்கை எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று.

பறவைக்கு மாநில எல்லை தெரியாது. எனவே, தமிழக, கேரள வனத்துறைகள் எல்லைப்புறப் புதர் நிலங்களில் கூட்டாகக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கண்ணி வைப்போர் மீது தயக்கமின்றி வழக்குத் தொடர வேண்டும். உயிர்கள் வாழும் புதர் நிலங்களைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கும் பொறுப்பு மத்திய அரசுக்கு உண்டு. தில்லியில் எழுதப்படும் ஒரு சொல், சின்னாறின் புதரில் ஒளிந்திருக்கும் பறவையின் தலைவிதியாகிவிடக் கூடாது.