விளையும் வீட்டாரும்

வீட்டைச் சூழ்ந்த சிறு நிலத்திலே நாலைந்து தென்னையும் பத்து வாழையும் வைத்து, ஆடும் கோழியும் வளர்த்து வாழும் குடும்ப வாழ்க்கையைப் பற்றிக் கற்றோர் இருவகையாகப் பேசக் கேட்கின்றோம். ஒரு சாரார், அது சாணமும் சேறும் நிறைந்த பழைய வாழ்வு, பிள்ளைகள் படித்து விட்டொழித்தற்குரியது என்பர். மற்றொரு சாரார், நகரத்து மேன்மாடியில் இருந்துகொண்டே, அதனை ஒத்த இன்பம் பிறிதில்லை என்று உருகுவர். இவ்விரு திறத்தாரும் விடியற்காலையில் ஒருநாளேனும் தொழுவத்தைக் கூட்டியவர் அல்லர் என்பது அவர்தம் பேச்சாலேயே விளங்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தகைய நிலத்தை 'விளை' என்போம். ஊர்ப்பெயர் பலவற்றின் ஈற்றில் அச்சொல் நிற்றலை அங்கு வந்தோர் அறிவர். தென்னை நிழலில் வாழை, வாழையடியில் சேனையும் சேம்பும், பலாவின் மேற் படர்ந்த நல்லமிளகு, வேலியோரத்தில் முருங்கை, ஒரு மூலையில் மரச்சீனி, இவற்றினிடையே தொழுவமும் கோழிக்கூடும் தேனீப்பெட்டியும் அமைந்ததே விளை. அடுக்களைக் கழிவு கோழிக்கும், குலை வெட்டிய வாழையின் தண்டு பசுவிற்கும், பசுவின் சாணம் மீண்டும் வாழைக்குமாகச் செல்லும். எதுவும் வீண்போவதில்லை.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தவிடத்து உணவும் விலங்கும் மரமும் புள்ளும் ஓரினமாக எண்ணினார். மக்கள் செய்யும் தொழிலையும் அவற்றோடு சேர்த்தார். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்று வகுப்பில் மகிழ்ந்து கேட்கின்றோம். அச்செல்வத்திற்குத் தண்ணீர் காட்டும் கை யாருடையது என்று எந்த உரையாசிரியரும் வினாவியதாக யான் கண்டிலேன். இக்கட்டுரையில் யான் வினாவ விரும்புவது அதுவே.

இவ்வகைக் குடும்பங்களின் நிலையை உயர்த்த முயன்றோருள் கே. டி. பால் (1876-1931) நினைக்கத்தக்கவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக அவர் தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணியை, ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் 1920-களில் மார்த்தாண்டத்தில் நடத்தினார். (அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது, 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.) பெருந்தொழில் எதனையும் அவர்கள் புகுத்தவில்லை. உள்ள விளையிலே நல்ல இனக் கோழி வளர்க்கவும், மரப்பொந்தில் இருந்த தேனீயைச் சட்டமிட்ட பெட்டியிற் குடியேற்றவும், கிடைத்ததைக் கூட்டுறவாக விற்கவும் கற்பித்தனர். எங்கள் பக்கத்துத் தேனிற் பெரும்பகுதி மலரினின்று வருவதன்று. மாசி, பங்குனியில் இரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பிற் சுரக்கும் இனிய நீரினின்று வருவது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் நச்சுயிரி நோயொன்று தேனீயின் புழுக்களைப் பைபோலாக்கி அழிக்க, பெட்டிகள் பெரும்பாலும் வெறுமையாயின. ஆயினும் அக்கலை அழியவில்லை. சிறிய அளவில், குறைந்த முதலோடு கற்ற கலையாதலின், எஞ்சிய கூடுகளைக் கொண்டு மக்கள் மறுபடியும் தொடங்கினர்.

இனி, பசுவின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த கறவைப் பசுவொன்றிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோ பசும்புல் வேண்டும். எங்கள் விளை முப்பது சென்று. அதிற் பெரும்பங்கு மரநிழல். ஆகவே புல்லைத் தேடி என் அன்னையார் ஆற்றங்கரைக்குச் செல்கிறார். எஞ்சிய குறைக்கு வைக்கோலும் தீவனமும் விலைக்கு வருகின்றன. பால் விற்ற பணம் தந்தையாரின் குறிப்பேட்டில் ஏறும். தீவனச் செலவும் ஏறும். அன்னையார் நடந்த நடைக்கு அதில் ஓர் இடமும் இல்லை. பதினோராண்டுகளாக அவர் ஓரிரவும் வெளியூரிற் தங்கியதில்லை. உற்றார் திருமணத்திலும், "கறவைக்கு நேரமாயிற்று" என்று பந்தியினின்றே எழுந்து வருவார். கிராமப் பொருளியலைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட ஜே. சி. குமரப்பா (1892-1960) தொடக்கத்திற் கணக்காயர் தொழில் செய்தவர். அவ்வகைக் கணக்காயர் ஒருவர் எங்கள் குறிப்பேட்டைத் திருத்தினால் பசு நட்டத்திலேயே நிற்கும் என்று துணிந்து கூறுவேன்.

இதனைக் கொண்டு விளையையே விட்டுவிடலாம் என்பார்க்கு யான் உடன்படேன். படிப்புச் செலவின் பொருட்டு விளையிற் பாதியை மனையாக விற்கலாம் என்று உறவினர் சிலர் இவ்வாண்டு தந்தையாருக்கு அறிவுரை கூறியுள்ளனர். என் படிப்பு மூன்றாண்டில் முடியும். விற்ற மண் மீளாது. விற்கவேண்டுவது பசுவே. அதனிடத்தில் இரண்டு ஆடு போதும். ஆடு ஐந்து திங்களில் ஈனும். வேலியோரத் தழையை உண்ணும். ஓரிரவு அண்டைவீட்டார் பார்த்துக்கொள்ளவும் இசைவர். நாட்டுக்கோழி ஆண்டிற்கு அறுபது எழுபது முட்டையே இடும், பண்ணைக்கோழி முந்நூறு இடும் என்று இகழ்வோர் உளர். நாட்டுக்கோழி தானே இருபத்தொரு நாள் அடைகாத்துத் தானே குஞ்சை மேய்க்கும். பண்ணைக்கோழிக்கு அவ்விரண்டையும் மனிதரே செய்யவேண்டும். (அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நாட்டுச் சேவல் சந்தை விலையினும் பன்மடங்கிற்குப் போதலை இங்கே சான்றாகக் காட்டேன், அது பக்தியின் கணக்கு.)

எஞ்சிய வேலையைச் செய்வார் யார்? யானும் என் தம்பியும் செய்யவேண்டும். தொழுவம் கூட்டுதல் ஆண்மக்களுக்கு இழிவு என்னும் எண்ணம் கல்லூரி வந்தபின் நம்மிற் பலருக்கு வளர்கின்றதேயன்றிக் குறையவில்லை. விடுதியில் இருப்பவன் என் செய்வான் என்பீராயின், சனிக்கிழமை ஒன்று உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாளிற் கண்ணில் ஒரு துளி மருந்து விட்டால் வெள்ளைக்கழிச்சலுக்குக் காப்பாகும். கால்நடை மருத்துவமனைக்குச் சென்று அதனைக் கேட்டுப் பெற்று, குளிர்ச்சி கெடாமற் கொண்டுவந்து, உரிய நாளில் விடுதல் படித்த பிள்ளைக்கு அரிய செயலன்று. எங்கள் தெருவிற் கோடைதோறும் கூடு கூடாகக் கோழி மடிகின்றன. அத்தெருவிலே பட்டம் பெற்ற இளைஞர் பதின்மர்க்குக் குறையாமல் உள்ளனர்.

விளையையும் பசுவையும் பற்றிய முடிவு பங்குனித் தேனெடுப்பிற்குப் பின்னர் என்று தந்தையார் சொல்லியிருக்கிறார். அன்னையாரின் கருத்தை இதுவரை எவரும் கேட்கவில்லை. அதனை முதலிற் கேட்கவேண்டும் என்று இவ்வாரம் வீட்டிற்கு எழுதியுள்ளேன்.